இன்னொருவர் பெயரில் முறிந்த கால்

மருத்துவரின் காத்திருப்பு அறையில் யாராவது "மெஸ்யூ இயேசுதாசன்" என்று கூப்பிட்டால் நான் இன்றைக்கும் பாதி எழுந்துவிடுகிறேன். அது என் பெயரல்ல. என் பெயர் சிவபாலன். அந்தப் பெயரிலேயே எனக்கு இப்போது ஒழுங்கான விசா காட் இருக்கிறது, கடிதங்கள் வருகின்றன, வரியும் கட்டுகிறேன். ஆனாலும் உடம்பு கேட்பதாயில்லை. எழுந்த பிறகு எதையோ தேடுவதுபோலச் சட்டைப் பையைத் தடவிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்கார மனுசி சிரிப்பாள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டும். இங்கே இருப்பவர்களுக்கு வேண்டாம். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவன் சாப்பிடவேண்டுமென்றால், விசா உள்ள ஒருவருடைய காட்டை வைத்து, அவர் பெயரில்தான் வேலை செய்யவேண்டும். எனக்குத் தன் காட்டைத் தந்தவர் மன்னாரைச் சேர்ந்த இயேசுதாசன் அண்ணை. எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலைக்கு நின்றார். எங்கள் இருவருடைய முகத்துக்கும் ஒரு ஒற்றுமையும் கிடையாது. ஆனால் இங்குள்ள முதலாளிகளுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முகம்தானே. கூசேன்வில்லுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் நான் இயேசுதாசனாகக் கோப்பை கழுவினேன்.

2009இல், யுத்தம் முடிந்து சில வாரங்கள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் பாதசாரிக் கடவையில் வைத்து ஒரு கார் என்னை அடித்தது. பிழை முழுக்க ஓட்டியவன்மேல். அவனே அதை ஒத்துக்கொண்டான். அம்புலன்ஸ்காரர் என் பையைத் துழாவி அண்ணையின் காட்டை எடுத்தார்கள். இடது காலில் தகடு வைத்தபோதும் நான் இயேசுதாசன்தான். மூன்றாம் நாள் ஒரு பாதிரியார் கட்டிலடிக்கு வந்து, என் பெயரைப் பார்த்து மகிழ்ந்து, நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். வீட்டிலிருந்து கொண்டுவந்த திருநீற்றுச் சரை என் தலையணைக்குக் கீழே இருந்தது.

அந்த நாட்களில் அப்பாவும் அக்காவும் வவுனியாவில் முகாமுக்குள் இருந்தார்கள். அப்பாவுக்குச் சலரோகம், இன்சுலின் ஊசி ஒழுங்காகக் கிடைக்கவில்லை. காசு கொடுத்தால் வயதானவர்களை வெளியே எடுத்துவிடும் ஆள் ஒருவரை அக்கா பிடித்திருந்தாள். "கெதியா அனுப்படா, அவருக்குக் கால் வீங்கிப்போச்சு" என்றாள். காசு என்னிடம் இருந்தது. நான்கு வருடமாகச் சேர்த்தது.

அப்போதுதான் அண்ணையின் வீட்டுக்கு மருத்துவமனையின் பில் வந்தது. என் சேமிப்பு முழுவதையும் ஒரே வாயில் விழுங்கும் தொகை. அண்ணைக்கு அடுத்த மாதம் பிரிபெக்தூரில், அதுதான் விசா கொடுக்கும் அரச அலுவலகத்தில், காட் புதுப்பிக்கவேண்டும். என் கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கடன் நிண்டா பிரிபெக்தூரிலை பிடிச்சிடுவாங்கள். பிறகு உம்மடை கதையும் வெளியிலை வந்திடும். எனக்கு மூண்டு பிள்ளையள்."

"கட்டுவம் அண்ணை."

"அப்பாவின்ரை காசெல்லோ?"

"அடுத்த மாசம் அனுப்புறன்."

பில் வந்த இரண்டாம் நாளே கட்டினோம். தவணை கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. இந்த நாட்டில் பில்லை அவ்வளவு வேகமாகக் கட்டியவர்கள் நாங்களாகத்தான் இருக்கும். என் காசை அண்ணையின் கையில் கொடுத்தேன், அவர் செக் எழுதினார். அடுத்த மாதம் வருவதற்கு முன் அப்பா முகாமிலேயே இறந்துபோனார். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எனக்குக் காட் கிடைத்துச் சில வருடங்கள் கழித்து, அண்ணை என்னை ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு தேநீர்க் கடைக்கு வரச்சொல்லி ஒரு கடிதத்தை நீட்டினார். கார் விபத்தில் அடிபட்டு வந்தவர்களிடம் அந்த மருத்துவமனை பிழையாகப் பில் அறவிட்டிருக்கிறது. அதை ஓட்டியவர்களின் காப்புறுதியிடம்தான் கேட்டிருக்கவேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு நுகர்வோர் சங்கம் ஒன்றாக வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்திருக்கிறது. கட்டியவர்கள் பத்திரங்களோடு நேரில் வந்தால் காசு திரும்பக் கிடைக்கும். இப்படியான கூட்டு வழக்குக்கு 'ஆக்ஸியோன் து குரூப்' என்று பெயராம். நான் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். தேநீர் ஆறி ஆடை கட்டியது.

"உம்மடை காசு. நான் வந்து கையெழுத்து வைக்கிறன்" என்றார் அண்ணை.

சங்கத்தின் அலுவலகத்தில் "மெஸ்யூ இயேசுதாசன்" என்று கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்தோம். நான் உட்கார்ந்தேன். அண்ணை "என்ரை கசின்" என்று சொல்லி என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார். போகும்போது இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். கடையில் மூட்டை தூக்கும் மனுசன், இந்த நடிப்பை எங்கே பழகினாரோ தெரியாது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவள். படிவத்தை நிரப்பிக்கொண்டே, "இன்னும் கால் வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

"வலிக்கிறது, மதாம். குளிர் காலத்தில் கூடுதலாக" என்றேன்.

அவள் பொறுமையாகச் சிரித்தாள். "உங்களை இல்லை, மெஸ்யூ. அடிபட்டவரைக் கேட்கிறேன்."

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பி, "ஓம்… உய்" என்று பிரெஞ்சுக்கு மாற்றினார்.

எனக்கு ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளவேண்டும் போலிருந்தது. "அந்த நேரம் பில்லைக் கட்டாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டேன்.

வட்டிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "பயப்படாதீர்கள். கட்டாதவர்கள் நிறையப் பேர். இரண்டு நினைவூட்டல் கடிதம் போனது. அவ்வளவுதான்."

"பிரிபெக்தூருக்கு அறிவிப்பார்களா?"

"மருத்துவமனையா? எதற்கு?"

பிறகும் நான் விடவில்லை. இதனால் பாதிக்கப்பட்ட இன்னொருவரின் பெயரையும் அதில் எழுதமுடியுமா என்று கேட்டேன். பேனாவை எடுத்தாள். "அவரும் விபத்தில் இருந்தாரா?"

"இல்லை. அவர் வவுனியாவில் இருந்தார்."

பேனாவை வைத்துவிட்டாள். "அப்படியென்றால் முடியாது, மெஸ்யூ. மன்னிக்கவும்."

வெளியே வந்து நடந்தோம். இரண்டு கடிதம். அப்பாவின் உயிருக்கும் எனக்கும் நடுவில் நின்றது திறந்து வாசித்துவிட்டு எறியக்கூடிய இரண்டு கடிதம்தான். அந்தக் காசு வந்தாலும் அதை யாருக்கு அனுப்புவது? அக்கா வாங்கமாட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

லாச்சப்பல் பாலத்தடிக்கு வந்தோம். அப்போதுதான் கவனித்தேன், அவர் இன்னும் இடது காலை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வருகிறார். என் கால் எப்படிப் போகிறதோ அப்படியே.

"அண்ணை, போதும். இனி நேரா நடவுங்கோ."

அவர் நின்று தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு நேராக நடந்தார். அவர் பெயரில் முறிந்த காலை இழுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.