கடப்பாக்கத்துக் கிணறும் பூட்டிய கட்டுரையும்

வாயில் வைத்த டீ உப்புக் கரித்தது... கடப்பாக்கத்தில் மும்தாஜ் அக்கா போட்டுக் கொடுத்த டீ.

"சக்கர போட்டா மட்டும் இனிச்சிடுமா? தண்ணியே அப்டித்தான் கீது. இறால் பண்ண வந்ததுலேர்ந்து இதே பேஜாருதான்" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டில் தங்கி, கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அக்கா அங்கே பெட்டிக்கடை வைத்திருந்தார். கிணறு கிணறாக நான் பிடித்த தண்ணீர் பாட்டில்களுக்கு அவர் கடை கூல்டிரிங்ஸ் பெட்டியில்தான் இடம். ஒருமுறை யாரோ குடிக்கிற தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்!

அப்போதெல்லாம் ஒரு கட்டுரை வேண்டுமென்றால், எழுதியவருக்கே கார்டு போட்டுக் கேட்போம். மாதங்கள் கழித்து வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டிய பழுப்பு உறை வரும். ஒரு டச்சுக்காரர் நான் கேட்காத கட்டுரைகளையும் சேர்த்து அனுப்பி, அவர் நாட்டவர் அந்தக் காலத்தில் கட்டிய சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை எப்படி இருக்கிறது என்றும் விசாரித்திருந்தார். யாரும் காசு கேட்டதில்லை.

பிறகு இன்டர்நெட் வந்தது. இனி கார்டும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம் என்று நாங்கள் ஆடிய ஆட்டம்!

என் கட்டுரையும் ஒரு வெளிநாட்டு இதழில் வந்தது. உரிமையை எழுதிக் கொடு என்றார்கள், கொடுத்தேன். காகிதப் பிரதி கிடையாது, எல்லாம் இணையத்தில் என்றார்கள். அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

அந்த நேரம் பார்த்து, ஊர்க்காரர்கள் கிணறுகளுக்காகப் போட்ட மனு விசாரணைக்கு வந்தது. "அங்க எப்பவுமே உப்புத் தண்ணிதான்" என்று சாதித்தார் பண்ணை முதலாளி. இல்லை, பண்ணை வந்த பிறகுதான் உப்பு ஏறியது என்று காட்ட என் கட்டுரை மட்டுமே இருந்தது. டைப் அடித்த தாள் செல்லாது, இதழில் வந்ததைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்கே வந்துவிட்டார். பெருமையாக பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன்.

பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. தலைப்பு... என் பெயர்... கடப்பாக்கத்தின் பெயர்...

அதற்குக் கீழே ஒரு பெட்டி. மேலே படிக்க டாலரில் பணம் கட்டு!

"உன் பேருதானம்மா போட்டுகீது?"

"ஆமாக்கா."

"தண்ணி எங்க கெணத்துதுதானே?"

"ஆமாக்கா."

"அப்ப நடுவுல இவன் யாரு?"

ரத்தம் கொதித்தது. எழுதிய எனக்கு ஒரு பைசா கிடையாது. படித்துத் திருத்தம் சொன்ன பேராசிரியர்களுக்கும் கிடையாது. நடுவில் கேட் போட்டு உட்கார்ந்தவனுக்கு டாலரா? அந்த இதழை வாங்க எங்கள் கல்லூரிக்கு வசதியில்லை. கிரெடிட் கார்டுக்கு நாங்கள் இருவரும் எங்கே போவது?

கடைசியில் அந்த டச்சுக்காரருக்கு மெயில் தட்டினேன். அவருடைய பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருந்தது. மறுநாளே வந்துவிட்டது, நான் எழுதிய கட்டுரை, அவர் தயவில்! அக்கா அதை விசாரணை மேசையில் வைத்தார். பண்ணைத் தண்ணீரை ஊர்ப் பக்கம் விடக் கூடாது என்று உத்தரவும் வாங்கி வந்தார்.

இப்போது எல்லார் கையிலும் போன். போன வாரம் ஒரு கல்லூரி மாணவி மெசேஜ் அனுப்பியிருந்தாள். "மேம், உங்க பேப்பர் ஓப்பன் ஆவ மாட்டேங்குது. டாலர் கேக்குது."

போய்ப் பார்த்தேன். அதே பெட்டி. விலை மட்டும் ஏறியிருக்கிறது. அன்று கடல் தாண்டி வர மாதக்கணக்கில் ஆனது, ஆனாலும் வந்து சேர்ந்தது. இன்று நொடியில் வரக்கூடியதை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

என்னிடமிருந்த பிரதியை உடனே அனுப்பிவிட்டேன். பதில் வந்தது.

"தேங்க்ஸ் மேம். நான் கடப்பாக்கம்தான். எங்க வூட்டுக் கெணறும் இதுல கீதா?"

இருக்கிறது. அவள் வீட்டுக் கிணற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள, அவளிடமே டாலர் கேட்டிருக்கிறான்!