அந்த அட்டை யாருக்கு?

என் வீட்டுக்காரர் அருணனுக்கு உட்காரவே தெரியாதுங்க. சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கிட்டே இருக்கும். செபராங் ஜெயா டவுன்ல கிளார்க்கா இருந்த விநாசித்தம்பியோட மகன். திருநீறு பூசி வளர்ந்த பிள்ளை. ஃபேக்டரியில இன்ஜினியர் வேலை நல்லாத்தான் போச்சு. திடீர்னு ஞானஸ்நானம் எடுத்தாரு, வேலையை விட்டாரு, எபிரேயம் படிக்க வெளிநாடு போயிட்டாரு. மாமனார் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசல. டாக்டர் பட்டத்தோட வந்து வேதாகமக் கல்லூரியில பாடம் நடத்தினாரு. அங்கயும் இருப்புக் கொள்ளல. கடைசியில ஜெலுத்தோங் வட்டாரத்துல ஒரு சின்ன சபைக்குப் பாஸ்டரா வந்து சேர்ந்தோம்.

அவர் ஆராய்ச்சியெல்லாம் ஒரே கேள்விதான். இந்த வசனத்தை யாரு, யாருக்கு, எப்பச் சொன்னாங்க? பிரசங்கத்துலயும் அதே பாட்டு. "இது பாபிலோனுக்குப் பிடிச்சிட்டுப் போன ஜனங்களுக்குச் சொன்னது, உங்க பையனோட எஸ்பிஎம் பரீட்சைக்கு இல்ல"ன்னு ஒரு ஞாயித்துக்கிழமை போட்டு உடைச்சாரு. முன்வரிசையில ஒரு அம்மா அழுதே போயிட்டாங்க.

எங்க சபையில புத்தாண்டு ஆராதனை முடிஞ்சதும் ஒரு தட்டுல வசன அட்டைகளைக் கவுத்து வைப்போம். ஆளுக்கு ஒண்ணு எடுப்பாங்க. கைக்கு வந்த வசனந்தான் அந்த வருஷத்துக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. ஃப்ரிட்ஜுல ஒட்டி வச்சுக் கும்பிடாத குறைதான். எல்லாம் சுகம், ஆசீர்வாதம், சமாதானம்னு இருக்கும். இவருக்குப் பொறுக்கல. "இனிப்பை மட்டும் பொறுக்கிக் குடுக்கிறது ஏமாத்து வேலை, சாந்தினி"ன்னு அவரே புது அட்டை அச்சடிச்சாரு. புலம்பல், எச்சரிப்பு, தண்டனை, எல்லாம் உண்டு. "வேணாம் லா, சனங்க உங்கள மாதிரி படிக்கமாட்டாங்க"ன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!

பாசார் சந்தையில அப்பம் சுடுற ஜெயலெட்சுமி அக்காவுக்கு அடுத்த மாசம் இருதய ஆபரேஷன். அவங்க கைக்கு வந்த அட்டை என்ன தெரியுமா? பைபிள்ல வர்ற எசேக்கியா ராஜா நோயாப் படுத்திருந்தப்ப தீர்க்கதரிசி வந்து சொன்ன வார்த்தை: வீட்டை ஒழுங்கு பண்ணிக்கோ, நீ பிழைக்கமாட்ட. அக்கா அட்டையைக் கைப்பையில போட்டுக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாங்க.

ஒரு வாரத்துல அவங்க மகன் வாசு போன் பண்ணினான். "அம்மா ஆபரேஷன் வேணாங்கிறாங்க பாஸ்டர். கடவுளே சொல்லிட்டாராம்."

நாங்க ரெண்டு பேரும் அவங்க ஃபிளாட்டுக்கு ஓடினோம். அடுப்படி அலமாரி காலி. சட்டி பானையெல்லாம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாச்சு. எங்களுக்கு டீயே பிளாஸ்டிக் கப்புலதான் வந்துச்சு. இவர் பாடம் ஆரம்பிச்சிட்டாரு. அது எருசலேம்ல ஒரு ராஜாவுக்குச் சொன்னது, உங்களுக்கு இல்லக்கான்னாரு.

"அப்படியா?"ன்னாங்க அக்கா. "வாசு ஜெயில்லருந்து வந்த வருஷம், உன் பிள்ளை திரும்பி வருவான்னு அட்டை வந்துச்சே. அதுவும் எனக்கு இல்லயா?"

இவர் கப்பைக் கீழே வச்சிட்டு எழுந்துட்டாரு. எனக்கு வந்த கோவத்துல கார்ல அவரைக் கிழி கிழின்னு கிழிச்சேன். "உங்க படிப்புக்கு ஒரு உசிர் போகணுமா?" அடுத்த ரெண்டு நாள் சோறு இறங்கல அவருக்கு. ஹால்ல நடந்து நடந்து டைல்ஸ் தேயாத குறை.

ஆஸ்பத்திரியில சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மறுபடி போனோம். இந்தத் தடவை பாடம் இல்ல.

"அட்டையில பாதிதான் போட்டேன்க்கா, தப்பு என்மேல. ராஜா சுவத்துப் பக்கமாத் திரும்பி அழுதாரு. தீர்க்கதரிசி அரண்மனை முற்றத்தைத் தாண்டுறதுக்குள்ள கடவுள் அவரைத் திருப்பி அனுப்பிட்டாரு. இன்னும் பதினஞ்சு வருஷம் தர்றேன்னு சொல்லச் சொன்னாரு."

அக்கா அவரையே பார்த்தாங்க. "இது ராஜாவுக்கா பாஸ்டர், எனக்கா?"

ராஜாவுக்குன்னா அக்கா ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டாங்க. உங்களுக்குன்னா இவர் இத்தனை வருஷம் மேடையில சொன்னதெல்லாம் என்னாகிறது? ஆடிக்கிட்டிருந்த கால் நின்னுச்சு.

"உங்களுக்குத்தான்க்கா."

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். "உண்மையத்தான் சொன்னீங்களா?"ன்னு கேட்டேன். "தெரியல சாந்தினி. அவங்க முகத்தைப் பார்த்ததும் ராஜா ஞாபகமே வரல"ன்னாரு.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அக்கா மறுபடி பாசார்ல அடுப்பு பத்த வச்சாச்சு. கொடுத்த சட்டியைத் திருப்பிக் கேட்டதுல பக்கத்து வீட்டோட ஒரு சண்டையும் போட்டாச்சு. இவரைக் கண்டா விடமாட்டாங்க. "பாஸ்டர், பதினஞ்சு வருஷம், நீங்க சொன்னது!"ன்னு கரண்டியை நீட்டுவாங்க. ஒவ்வொரு தடவையும் இவருக்கு முகம் வெளுத்துப் போகும். அவங்க லேசா இருமினாக்கூட ராத்திரி தூக்கம் போச்சு.

போன சனிக்கிழமை அக்கா விளையாட்டா, "பதினஞ்சு முடிஞ்சா என்ன பாஸ்டர் செய்றது?"ன்னு கேட்டுட்டாங்க.

எசேக்கியா, எருசலேம்னு ஆரம்பிப்பாருன்னு நினைச்சேன். இவர் அடுப்புப் பக்கத்துல கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு.

"மறுபடி சுவத்துப் பக்கம் திரும்பி அழலாம்க்கா. இந்தத் தடவை நானும் கூட அழறேன்."

அக்கா ஒரு அப்பத்தை எடுத்து அவர் கையில வச்சாங்க.