மதியச் சாப்பாட்டுக்குப் போன சாவி

முழங்கை வரை சோப்பு நுரை. விரலிடுக்குகளைத் தேய்த்து, நகக்கண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி, வண்டி நிறுத்துமிடத்துக் குழாயடியில் அவர் கைகழுவும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். அழுக்குச் சட்டையைக் கழற்றி வேனுக்குள் எறிந்து, வேறு சட்டை மாட்டிய பிறகுதான் மாடிப்படியில் கால் வைப்பார். கைக்கு ஜெல் பாட்டிலை நீட்டிய காவலாளி ஒருநாள் வாங்கிக் கட்டிக்கொண்டார்: "அது கிருமியைக் கொல்லும் அண்ணே, கடலையைக் கொல்லாது. கடலை போகணும்னா சோப்பும் தண்ணியும்தான்."

எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர். லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் தொழில். ஆனால் மூன்றாம் மாடிக்குப் படியேறித்தான் போவார். "நாள் பூரா அதுகூடத்தான் குடித்தனம். வீட்டுக்கு வரும்போதாவது விட்டுடுங்க சார்."

இன்னொன்றும் சொல்வார். "ஊர் என்ன திங்குதுன்னு பார்க்கணும்னா லிஃப்ட் குழியில இறங்கிப் பாருங்க." சில்லறை, கொண்டை ஊசி, யாரோ தேடி அழுத கம்மல் எல்லாம் கிடக்கும் அந்தக் குழிகளில் மிக அதிகமாகக் கிடப்பது வேர்க்கடலைத் தோல். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மென்று, ஊதி, வாசல் இடுக்கு வழியாக உதிர்த்துவிட்டுப் போகிறார்கள். அதைக் கூட்டி அள்ளிவிட்டு, ஒரு பருப்புகூட நுழையக்கூடாத வீட்டுக்கு அவர் திரும்ப வேண்டும்.

மகளுக்கு ஆறு வயது. அவர் அழைப்பது 'முதலாளியம்மா' என்று. இரண்டு வயதில் யாரோ கொடுத்த கடலை பிஸ்கட்டை ஒரு கடி கடித்தாள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, இருமல் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முன்கையில் கடலை, முட்டை என்று ஒவ்வொன்றின் சாற்றையும் சொட்டு வைத்து ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். வேர்க்கடலைக்கு ஒவ்வாமை என்று உறுதியானது. முட்டைச் சொட்டு வைத்த இடமும் கொஞ்சம் தடித்திருந்தது. உடனே சொந்தக்காரர்கள் முட்டையையும் நிறுத்தச் சொன்னார்கள். அலர்ஜி டாக்டர் சிரித்துவிட்டாராம்: "தினம் முட்டை சாப்பிட்டு நல்லாத்தானே இருக்கா? தடிப்பை மட்டும் பார்த்து சாப்பாட்டைப் பிடுங்காதீங்க."

லிஃப்ட்காரரின் அக்கா வேறு கட்சி. "நம்ம வம்சத்துல யாருக்குடா கடலை ஆகாமப் போச்சு? கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குடா."

"பழக்குறதுக்கு இது என்ன புதுச் செருப்பாக்கா, ரெண்டு நாள் கடிச்சிட்டு அப்புறம் சரியாப் போக? அப்படிப் பழக்குறதுன்னா டாக்டர் பக்கத்துல இருக்கணும். நீ இருந்து என்ன பிரயோஜனம்?"

இதில் அவருக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தோலெல்லாம் கரப்பான். 'மூன்று வயதுவரை கடலையைக் கண்ணில் காட்டாதீர்கள்' என்றார் அப்போதைய குடும்ப மருத்துவர். இப்போது இரண்டாவதாக ஒரு பையன். அவனுக்கும் தோலில் அதே கரப்பான். அலர்ஜி டாக்டர் முதலில் பரிசோதித்துவிட்டு, அரை வயதுகூட ஆவதற்கு முன்பே, கடலை வெண்ணெயைத் தண்ணீராகக் கரைத்து ஊட்டத் தொடங்கச் சொன்னார். முழுக் கடலை மட்டும் கூடாது, தொண்டையில் அடைக்கும். சீக்கிரம் தொடங்கி விடாமல் கொடுத்துவந்தால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு குறையுமாம். மகள் பள்ளிக்குப் போன பிறகு, வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கீழே வேனில் உட்கார்ந்து, அவரே பையனை மடியில் வைத்து ஊட்டுகிறார். "ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அவன் உதட்டையே பார்க்கிறேன் சார். ஆனாலும் ஊட்டுறேன். இதை அன்னைக்கே ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா? பழைய பாடத்தையே ஒப்பிச்சிட்டு இருந்தாரே!"

ஒவ்வாமை முற்றினால் உடனே குத்துவதற்கு மகளுக்காக இரண்டு அட்ரினலின் ஊசிப்பேனாக்கள். ஒன்று மனைவியின் கைப்பையில். பள்ளிக்கு அடுத்த தெருவிலுள்ள பல் மருத்துவமனையில் அவருக்கு வரவேற்பாளர் வேலை. இன்னொன்று பள்ளி அலுவலகத்து மரப் பீரோவில், பூட்டி. சாவி எழுத்தரிடம். எழுத்தர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவார், சாவிக்கொத்தோடு. ஒவ்வாமைக் குழந்தைக்கு ஆபத்து வரக்கூடிய வேளை எதுவோ, அதே வேளையில் மருந்தின் சாவி தெருவில் நடந்துகொண்டிருக்கும். கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்யவில்லை. ஒருவரும் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

போன வாரம் அது நடந்தேவிட்டது. பக்கத்துப் பிள்ளை பிட்டுக் கொடுத்த கேக்கில் கடலை. வகுப்பாசிரியை அவளுடைய வீங்கிய உதட்டைப் பார்த்ததும் அலுவலகத்துக்கு ஓடினார், பூட்டு. அம்மாவுக்கு போன் செய்தார். அவர் தெருவைத் தாண்டி ஓடிவந்து, தொடையில் ஊசியைக் குத்தினார். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஒரு ராத்திரி கண்காணிப்பு. பள்ளி சொன்ன பதில்: "அதான் ஒண்ணும் ஆகலையே."

என் பிள்ளையும் அதே வகுப்பு. "கூட வாங்க சார்" என்றார் லிஃப்ட்காரர். "நான் ரொம்பச் சத்தம் போட்டா தோளைத் தொடுங்க." சாப்பாட்டு மணி அடித்ததும் போனோம்.

"மருந்தைப் பூட்டித்தான் வைக்கணும், அது விதி" என்றார் தலைமையாசிரியை. "பிள்ளைங்க எடுத்துட்டா யார் பொறுப்பு?"

"உயரத்துல வைங்க டீச்சர். பூட்டாதீங்க. லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கிற சாவியை நாங்க சுவத்துல மாட்டி வைப்போம். அதைப் பாக்கெட்ல போட்டுட்டு சாப்பிடப் போனவனுக்கு மறுநாள் வேலை இருக்காது."

"கோபப்படாதீங்க. ஒண்ணும் ஆகலையே..."

"ஆகலைன்னு சொல்றது நீங்க. ஓடிவந்தது என் பொண்டாட்டி! சரி, இப்ப அவளுக்கு மூச்சு இழுக்குதுன்னு வைங்க. எடுங்க பார்ப்போம்."

தலைமையாசிரியை எழுத்தருக்கு போன் போட்டார். மணி எழுத்தரின் காலி நாற்காலிக்கு முன்னால், மேசை இழுப்பறைக்குள் அடித்தது. கடைநிலை ஊழியர் ஒருவர் வெளியே ஓடினார். நாங்கள் நின்றோம். லிஃப்ட்காரர் கத்தவேயில்லை; வாயை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்து, கண் பிதுங்கி, ஒருமுறை வெடித்து மூச்சு வாங்கினார். மறுபடியும் பிடித்தார். தலைமையாசிரியையால் அதைப் பார்க்க முடியவில்லை. "போதும் சார், போதும்" என்றார். லிஃப்ட்காரரின் தோளை நான் தொடவில்லை.

வாசலில் யாரும் வரவில்லை. லிஃப்ட்காரர் இடுப்புப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, பீரோவின் கீல்களைக் கழற்றினார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவு மறுபக்கமாகத் திறந்தது. ஊசிப்பேனாவை எடுத்துக்கொண்டு, திருகாணிகளைத் தலைமையாசிரியையின் மேசையில் வைத்தார்.

"இனிமே இது சாப்பாட்டு அறையில, டீச்சர் கைக்கு எட்டுற உயரத்துல இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியை, திருகாணிகளைப் பார்த்துக்கொண்டே.

சத்தம் கேட்டு வந்திருந்த வகுப்பாசிரியை கையை நீட்டினார். லிஃப்ட்காரர் பேனாவைக் கொடுக்கவில்லை.

"எங்க குத்துவீங்க?"

வகுப்பாசிரியை முஷ்டியை மடக்கித் தன் தொடையின் வெளிப்புறத்தில் வைத்துக் காட்டினார். "இங்க. துணி மேலயே."

"அப்புறம்?"

"படுக்க வைக்கணும். எழுந்து நடக்க விடக்கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்."

"சரியாயிட்ட மாதிரி தெரிஞ்சா?"

"அப்பவும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

லிஃப்ட்காரர் பேனாவின் சின்ன ஜன்னலை வெளிச்சத்தில் பிடித்து, மருந்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார்.