தெக்கேவீட்டு ஆள்

குன்னத்துகாலில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் எனக்கு வேலை. எங்கள் ஊர் கிளினிக்கின் நோயாளிப் பதிவு மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அன்று காலை அங்கிருந்து நர்ஸ் கூப்பிட்டார்.

“அண்ணா, தெக்கேவீட்டு ஆளுக்கு பென்சிலின் அலர்ஜின்னு தப்பா ஏறிப்போச்சு. மாத்தித் தரணும்.”

எங்கள் பக்கம் ஆளைச் சொல்ல வீட்டுப்பேர் போதும். நான் பதிவு எண்ணைக் கேட்கவே இல்லை. வீட்டுப்பேர் தெக்கேவீடு என்றால் அலர்ஜியை ‘இல்லை’ என்று மாற்று. இதை ஒரே வரியில் எழுதி ஓஆர்எம்மிடம் கொடுத்தேன். நம் நிரலை டேட்டாபேஸுக்குப் புரியும் கட்டளையாக்கித் தரும் இடையாள் அது. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காது.

மாறிய பதிவுகள் நாற்பத்தொன்று என்று திரையில் வந்தது.

அத்தனை பேரின் அலர்ஜிக் குறிப்பும் அழிந்துவிட்டது. ரோட்டுக்கு ஒரு தெக்கேவீடு உள்ள ஊர் இது! ஒவ்வொரு பதிவாக எடுத்து, திருத்தி, சேமித்திருந்தால் பழைய விவரமும் தனியாக நின்றிருக்கும். மொத்தமாக மாற்றினால் அது நிற்காது. முந்தைய நாள் பேக்கப் இருந்தது. ஆனால் அதை ஏற்ற நேரமாகும்.

அப்புறம்தான் உறைத்தது. எங்கள் வீடும் தெக்கேவீடுதான். அப்பாவுக்கு பென்சிலின் ஆகாது. முன்பு ஒரு ஊசியில் முகம் வீங்கி, மூச்சு முட்டி, பிழைத்ததே பெரிது. ரப்பர் பால் வெட்டும்போது கத்தி பட்டு சீழ் வைத்த கையோடு சற்று முன்புதான் அதே கிளினிக்குக்குப் போயிருந்தார். காது மந்தம். எதைக் கேட்டாலும் சரி என்று தலையாட்டுவார்.

கிளினிக்குக்குப் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அப்பாவின் வீங்கிய முகம்தான் கண்முன் வந்தது.

ஊசி போடும் அறையில் அப்பா சட்டைக் கையை மடக்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் சிரிஞ்சில் பென்சிலினை ஏற்றி முடித்திருந்தார்.

“சிஸ்டர், போடாண்டாம்!”

“எதுக்கு அண்ணா? பென்சிலின் போடலாமான்னு கேட்டதுக்கு இவரு தலையாட்டுனாருல்லா. சிஸ்டத்திலயும் ஒண்ணும் இல்ல.”

“சிஸ்டம் தப்பாக்கும். நான்தான் கெடுத்துப்போட்டேன்.”

“எலே மக்கா, நீ எதுக்கு ஓடி வாறே?” என்றார் அப்பா, ஒன்றும் தெரியாமல்.

அவரைக் கட்டிக்கொண்டு அழத் தோன்றியது. ஆனால் இன்னும் நாற்பது பேர் பாக்கி. வெளியே ஓடி வந்து, காத்திருந்தவர்களைப் பார்த்துக் கத்தினேன். “தெக்கேவீட்டுக்காரங்க யாரெல்லாம் உண்டு?”

நாலைந்து கைகள் உயர்ந்தன. கடைசி நாற்காலியில் ஒரு அக்கா மட்டும் கையைத் தூக்கவில்லை. தோளுக்குக் கீழே பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார்.

“நானும் தெக்கேவீடாக்கும். இப்பந்தான் ஊசி போட்டேன்.”

நர்ஸ் ஓடி வந்து நாடி பிடித்தார். நான் எதிரில் நின்று அந்த அக்காவின் உதட்டையும் கண்ணிமையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் அவர் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

“இங்க இரி மக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்காக்கும் மூச்சு வாங்குது.”