துண்டுக் கூத்து

“...வாசல் வாசலா நின்னு பயணம் சொல்ல என்னால ஆகாது மதினி. கூத்துலயே சொல்லிக்கிறேன், விடுங்க” என்று சித்தப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. போகிறவர்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளான லயத்தின் ஒவ்வொரு வாசலிலும் நின்று ‘போயிட்டு வர்றோம்’ என்று சொல்லிக்கொள்வார்கள். வரப்போவதில்லை என்று தெரிந்தும் வாய் அப்படித்தான் சொல்லும். இப்போது சித்தப்பாவின் முறை. தோட்டத்துக்குக் கூத்துப் பழக்கிய வாத்தியார் அவர்தான்.

முழுக் கூத்துக்கு ஆள் இல்லை. ராணி வேஷக்காரர் போன மழைக்கு முன்பே போய்விட்டார். மந்திரி அதற்கும் முன்னால். ஆகவே, முந்தைய ஒவ்வொரு வருஷக் கூத்திலிருந்தும் சனத்துக்குப் பிடித்த துண்டுகளை எடுத்துக் கோத்து ஆடுவதென்று சித்தப்பா முடிவு செய்தார்.

“பழைய சோத்துக்குப் பந்தி போடுறியா மாப்ள?” என்று சீண்டினார், மத்தளம் அடிக்கும் என் மாமா.

“பசிச்சவனுக்குத்தான் மச்சான் பழைய சோத்து ருசி தெரியும். நீங்க மத்தளத்தக் கட்டிக்கிட்டு வாங்க.”

புதுக் கதை வருகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிவைத்திருந்தவள் நான். எனக்குத்தான் மானம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கூத்து. ராஜா வேஷத்தில் சித்தப்பா மாமாவைப் பார்த்து, “திருடன் வேலிக்குள்ள மாட்டிக்கிட்டானே, ஞாபகமிருக்கா?” என்று கேட்டார். திருடன் வருவதற்கு முன்பே சனம் சிரித்துவிட்டது. சிரித்த கையோடு சிலர் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். தெரிந்த கதைக்கு எதற்கு இத்தனை பாடு என்று எனக்கு விளங்கவில்லை.

ராணியின் ஒப்பாரிக்கு வந்தபோது, ராணி நிற்கவேண்டிய வெற்றிடத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டே நின்றார். மாமா தாளத்தை விடவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் எழுந்தது அம்மாவின் குரல். பிறகு அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கொழுந்து பறிக்கும்போதே பாடிப் பாடி, எல்லாருக்கும் அது மனப்பாடம்.

கடைசித் துண்டு, ராஜா குடிகளிடம் விடைபெற்றுக் காட்டுக்குப் போவது. சித்தப்பா பாதி அடி பாடினார். மீதி வரவில்லை. மத்தளம் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் மங்களமும் பாடாமல் களத்தை விட்டு இறங்கிவிட்டார்.

கூத்து முடிந்ததும் வேஷத்தோடு லயங்களுக்குப் போய் அரிசி வாங்குவது எங்கள் வழக்கம். அதற்குத்தான் போகிறார் என்று சாக்கை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். அரிதாரம் கலையாத முகத்தோடு சித்தப்பா மேல் லயத்தின் முதல் வாசலில் நின்றார். நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன்.

அந்த வீட்டு அத்தை வெறுங்கையோடு வந்தார். ராஜாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஒரு பிடி அரிசிகூடப் போடவில்லையே என்று எனக்குக் கோபம்.

“அத்த, அரிசி” என்று நினைவூட்டினேன்.

சித்தப்பா என் கையிலிருந்த சாக்கை வாங்கிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்த வாசலுக்கு நடந்தார்.