பொட்டக் தானே, பரவாயில்லை

பாடசாலையொன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு: மாணவர் ஒழுக்கம். பெரியவர்களின் ஒழுக்கம் பற்றிப் பேச என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை... கேட்க ஆள் வராது என்று நினைத்திருப்பார்கள்.

கொட்டகலையில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் செல்வம். பின்சீட்டில் என் பக்கத்தில் அவருடைய மகள் தர்ஷினி. அதே பாடசாலையில் நாலாம் ஆண்டு. நான் எங்கே போகிறேன் என்று தெரிந்ததும் செல்வம் ஆரம்பித்துவிட்டார்.

“இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பயமே இல்லைங்க சேர். சொன்னா கேக்குறதில்ல. நல்லா உறைக்கிற மாதிரி பேசுங்க.”

தலையாட்டினேன். நானும் அதைத்தானே பேசப் போகிறேன்?

ரயில் கேட் மூடிக் கிடந்தது. மூடியிருக்கும்போது கடக்க வேண்டாம் என்று மூன்று மொழியிலும் பலகை. மூன்று மொழிக்காரர்களும் கேட்டுக்கு அடியில் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில் இன ஒற்றுமை இல்லையென்று யார் சொன்னது? கோயிலில்கூட நாம் இவ்வளவு பணிவாகக் குனிவதில்லை.

கேட்டின் ஓரத்தில் ஓர் ஆட்டோ நுழையுமளவுக்கு இடைவெளி. செல்வம் அந்தப் பக்கமாக வளைத்தார். கேட் காவலர் சத்தம் போட்டார். செல்வம் கையைத் தூக்கிச் சிரித்தார்.

“பொட்டக் மாத்தயா.”

மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா; பொட்டக் என்றால் ‘கொஞ்சம்’. மலையகத்தில் அதற்குத் தனி அகராதி. கியூவில் நடுவே புகுந்தால் பொட்டக். ஒருவழிப் பாதையில் எதிரே வந்தால் பொட்டக். கொஞ்சமாக மீறினால் அது மீறலே இல்லை.

“அப்பா, கேட்டு போட்டா நிக்கணும்” என்றாள் தர்ஷினி.

“கோச்சி இப்பதான் நானுஓயாவ விட்டிருக்கும். நீ சும்மா இரு.”

ஆட்டோ மெதுவானதும் அவள் பையோடு இறங்கிவிட்டாள்.

“ஏறு புள்ள. சேருக்கு லேட்டாகுது.”

“கோச்சி போகட்டும். நான் வரல.”

பின்னால் ஹோர்ன் மேல் ஹோர்ன். செல்வம் இறங்கிப் போய் முதுகில் ஒன்று வைத்தார். அவள் அழுதாள், ஆனால் நகரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன் — எனக்குத்தான் லேட்டாகிறதே.

வளைவில் ரயில் வந்தது. நானுஓயாவை இப்போதுதான் விட்ட அதே கோச்சி. எங்கள் மூக்குக்கு நேரே தடதடவென்று போனது. அவள் இறங்கியிராவிட்டால் நாங்கள் மூன்று பேரும் தண்டவாளத்தில் இருந்திருப்போம்.

கேட் திறந்தது. மகளிடம் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் என்னிடம்தான் சொன்னார்.

“பாத்தீங்கதானே சேர்... சொன்னா கேக்குதா பாருங்க.”

மேடையேறினேன். பின்னால் பதாகை: ‘பெரியோர் சொற்படி நட’. முன் வரிசையில் தர்ஷினி, கண் சிவந்தபடி, கையைக் கட்டிக்கொண்டு, நான் சொல்லப்போவதைக் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

பொட்டக் பேசிவிட்டு இறங்கிவிட்டேன்.