தபலா காணாமல் போன அறை

எங்கள் வீட்டில் பாட்டு இரண்டாகப் பிரிந்துதான் கேட்கும். முன்னறையில் அப்பாவின் தறி, உள்ளறையில் அம்மாவின் தறி. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் முன்னறை அலமாரியில் இருந்தாலும், ஸ்பீக்கர் பெட்டிகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். ஒரே கேசட்டில் அப்பாவுக்கு வயலின் தூக்கலாகக் கேட்கும், அம்மாவுக்குத் தபலா. அந்தத் தாளத்துக்குத்தான் அம்மா தறியில் ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவார்.

சென்ற மாதம் அந்த ஆம்ப்ளிஃபையர் கரகரத்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தோம். பழைய செட் என்றால் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை வைத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வேறு. என்னை ஏமாற்ற முடியுமா? கொடுப்பதற்கு முன்பே மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் படம் எடுத்து வைத்தேன். கடைக்காரர், "பத்திரமா பாத்துக்கறேன்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னதே எனக்குச் சரியாகப் படவில்லை.

செட் பளபளவென்று திரும்பி வந்தது. எதை மறைக்க இவ்வளவு துடைப்பு? அப்பா வயர்களை மாட்டினார். பாட்டு ஓடியது. உள்ளறையில் தறிச்சத்தம் நின்றது.

"தபலா காணோம்மா," என்றார் அம்மா. "கையே ஓட மாட்டேங்குது."

"எனக்குத் தெரியும். எதையோ உருவிட்டாரு."

"நீ பாத்தியா?" என்றார் அப்பா.

"படம் இருக்குதுப்பா. மூஞ்சிக்கு நேரா காட்டறேன்."

மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். உள்ளே எல்லாம் பழையபடியே இருந்தன. பின்பக்கத்துப் படத்தில்தான் ஒரு வித்தியாசம். வயர் மாட்டும் இடத்தில் முன்பு ஒரு சிவப்புப் பட்டு நூல் கட்டியிருந்தது. இப்போது இல்லை.

அதற்குள் அம்மா முன்னறைக்கு வந்துவிட்டார். "இங்க இருக்குதே என் தபலா! நீ எடுத்துக்கினியா?" என்று அப்பாவை மடக்கினார்.

"அதான் யாரோ காது கிட்டயே தட்டிக்கினு இருக்காங்களேன்னு பாத்தேன்," என்று அப்பா சிரித்தார். "உன் பக்கம் எதுன்னு தெரிய நூல் கட்டி வெச்சிருந்தேன். அழுக்குன்னு அவுத்துட்டான் போல."

நூல் இருந்த இடத்துக்குக் கீழேயே இடது, வலது என்பதற்கான ஆங்கில எழுத்துகள் இருந்தன. "இதுலயே போட்டிருக்குதேப்பா," என்றேன்.

"நீ வேலைக்குப் போயிட்டா யாரும்மா படிக்கறது?"

வயர்களை மாற்றி மாட்டினேன். அம்மா கொண்டுவந்த சிவப்பு நூலை அப்பாவே முடிந்தார். உள்ளறையில் நாடா மறுபடி ஓடத் தொடங்கியது.

பழைய படங்களை நான் அழிக்கவில்லை. கடைக்காரரை இன்னும் முழுதாக நம்பிவிடவும் இல்லை. நூலையும் சேர்த்துப் புதிதாக ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.